கடை வாடகைத் தகராறு: ஷட்டரைப் பூட்டும் முன், வாடகையை நிறுத்தும் முன்

கடை வாடகைத் தகராறு ஒன்று வக்கீல் அலுவலகத்துக்கு வந்து சேர்வதற்குள், பெரும்பாலும் இரண்டு காரியங்களில் ஒன்று நடந்து முடிந்திருக்கும். உரிமையாளர் இரவோடு இரவாக ஷட்டரில் தன் பூட்டைத் தொங்கவிட்டிருப்பார். அல்லது கடைக்காரர், "அட்வான்ஸ்தான் இருக்கிறதே, அதில் கழித்துக்கொள்ளட்டும்" என்று வாடகையை நிறுத்தியிருப்பார். இரண்டுமே கோபத்தில் செய்வது. இரண்டுமே செய்தவரைத்தான் முதலில் பாதிக்கும். அதுவரை நியாயம் தன் பக்கம் இருந்தாலும், அதற்குப் பிறகு அவர்தான் பதில் சொல்லும் இடத்தில் நிற்பார்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் கடை நடத்துபவர்களுக்கும் கடையை வாடகைக்கு விட்டவர்களுக்கும் பொதுவானது. வரிசை முக்கியம். மூன்றாவது படியை முடிக்காமல் ஐந்தாவதுக்குத் தாவாதீர்கள்.

முதல் படி: கட்டடம் யாருடையது, எங்கே இருக்கிறது

எந்தச் சட்டம் பொருந்தும் என்பது இந்த இரண்டு கேள்விகளில் தீர்ந்துவிடும். நகர்ப்புறத்தில் உள்ள தனியார் கட்டடம் என்றால், 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். இது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. "நியாய வாடகை நிர்ணயிக்க மனுப் போடுவேன்" என்று இன்றும் சில கடைக்காரர்கள் மிரட்டுவதுண்டு. அது பழைய சட்டத்தின் ஆயுதம். புதிய சட்டத்தில் வாடகை என்பது இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிய தொகை, அவ்வளவுதான்.

கோயில் கடை என்றால் கதையே வேறு. இந்தச் சட்டம் அங்கே பொருந்தாது. இந்து சமய அறநிலையத் துறையின் 1959-ஆம் ஆண்டு சட்டம்தான் பேசும். அங்கே வாடகையை நிர்ணயிப்பது அந்தச் சட்டப்படி அமையும் குழு. மறுநிர்ணயமும் அந்தச் சட்டப்படியே நடக்கும். குத்தகைக் காலம் முடிந்தும் இருப்பவரை ஆக்கிரமிப்பாளராகக் கருதி வெளியேற்றும் அதிகாரம் துறையின் இணை ஆணையரிடம் இருக்கிறது. சன்னிதித் தெருவில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை நடத்துகிறோம் என்பது உணர்வுக்குச் சரி, வழக்குக்கு உதவாது. நகராட்சிக் கடைகளும் இப்படித்தான்: ஏலம், உரிமம், நிலுவை என்று அவற்றின் விதிகள் தனி.

கிராம ஊராட்சிப் பகுதியில் உள்ள தனியார் கடைக்குப் பழைய 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும். மாத வாடகையை முடிவுக்குக் கொண்டுவர அந்தச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு 15 நாள் நோட்டீஸ் கேட்கிறது.

இனிமேல் சொல்வது பெரும்பாலும் நகரத்துத் தனியார் கடைகளைப் பற்றியது.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தை எடுத்து ஒரு முறை முழுமையாகப் படியுங்கள்

சிரிக்க வேண்டாம். 20 ரூபாய் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து, இருவரும் கையெழுத்துப் போட்ட நாளோடு அந்தக் காகிதத்தை இருவருமே பார்த்திருக்க மாட்டார்கள். காலம் எப்போது முடிந்தது? வாடகை ஏற்றம் எத்தனை சதவீதம், எப்போது? எவ்வளவு காலம் முடியும் வரை காலி செய்யக் கூடாது என்று நிபந்தனை உண்டா? அட்வான்ஸ் எவ்வளவு, அதற்கு ரசீது உண்டா? சரக்கு சேவை வரி வாடகைக்குள் அடங்கியதா, தனியா? உள்வாடகைக்கு அனுமதி உண்டா? பெயர்ப்பலகை, கூடுதல் மின்சுமை, ஏசி, மாடிப்படிக்குக் கீழ் உள்ள இடம் யாருக்கு? எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

11 மாத ஒப்பந்தம் என்ற பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்ய வேண்டும் என்பதால் அதைத் தவிர்க்க வந்த வழக்கம் இது. ஆனால் 2017 சட்டம், வாடகை எந்தக் காலத்துக்கு என்றாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட அரசு அலுவலர்) பதிய வேண்டும் என்கிறது. இணையதளத்திலேயே பதியலாம். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு இந்தச் சட்டத்தின் கீழ் நிவாரணம் தேடிப் போகும்போது, முதல் கேள்வியே பதிவு எண் பற்றித்தான் இருக்கும். இன்னொன்றும் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும்: சட்டம் வந்த பிறகும் இருவரும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்றால், அதையே காரணமாகக் காட்டி 21-ஆவது பிரிவின் கீழ் கடையைத் திரும்பக் கேட்கும் வழி உரிமையாளருக்கு இருக்கிறது. வாடகையை ஒரு நாள்கூடத் தவறவிடாதவரும் இந்த ஒரு காரணத்தால் கடையை இழக்கக்கூடும். "அப்பா காலத்திலிருந்து வாய்ப்பேச்சுதான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டாம் முறை படிக்கலாம்.

காலம் முடிந்து புதுப்பிக்காமல் இருந்தால் என்ன? பழைய நிபந்தனைகளோடு மாதத்துக்கு மாதம் தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுவும் அதிகபட்சம் 6 மாதங்களுக்குத்தான்.

ஒப்பந்தத்தில் 15,000, கையில் 25,000 என்று வாங்கிக் கொடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தகராறு வந்தால் காகிதத்தில் இருப்பதே வாடகை. மேற்கொண்டு வாங்கிய தொகையை உரிமையாளரால் நிரூபிக்கவும் முடியாது, வருமானவரிக்குப் பயந்து வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. கடைக்காரருக்கும் அந்தப் பணம் கணக்கில் ஏறாத செலவு.

மூன்றாம் படி: ஆதாரங்களைத் தேதிவாரியாக அடுக்குதல்

ஒரு கோப்பு போதும். ஒப்பந்தம், அட்வான்ஸ் கொடுத்ததற்கான வங்கிப் பதிவு, மாதவாரி வாடகை ரசீதுகள், மின்கட்டண ரசீதுகள், சொத்துவரி ரசீது, தொழில் உரிமம், சரக்கு சேவை வரிப் பதிவுச் சான்று, கடையின் புகைப்படங்கள். உரிமையாளர் ரசீது தருவதில்லை என்றால் இன்றிலிருந்து வாடகையை வங்கி வழியாக மட்டும் செலுத்துங்கள். குறிப்பில் "ஜூன் மாதக் கடை வாடகை" என்று மாதத்தைப் போடுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால், அந்த அடமே உங்களுக்கு ஒரு தகவல்.

வாட்ஸ்அப் செய்திகளும் ஆதாரம்தான். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை அச்சடித்துக் கொடுத்தால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழையும் கேட்கிறது. ஆகவே போனை மாற்றினாலும் பழைய போனை விற்றுவிடாதீர்கள், உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

வாடகை பாக்கியை வழக்குப் போட்டு வாங்கக் காலவரம்பு 3 ஆண்டு. "நல்லவர், கொடுத்துவிடுவார்" என்று நான்காவது ஆண்டுவரை காத்திருக்கும் உரிமையாளர் முதலாண்டு பாக்கியை மறந்துவிட வேண்டியதுதான்.

நான்காம் படி: நிலைமையை மோசமாக்காமல் வைத்திருத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

கடைக்காரருக்கு: எவ்வளவு பெரிய சண்டையானாலும் வாடகையை நிறுத்தாதீர்கள். கூரை ஒழுகுகிறது, கழிப்பறை பழுது, பக்கத்துக் கடைக்காரர் நடைபாதையை அடைத்துவிட்டார், எதுவானாலும் சரி. 2 மாத வாடகை பாக்கி நின்றாலே கடையைத் திரும்பக் கேட்க உரிமையாளருக்குச் சட்டக் காரணம் கிடைத்துவிடுகிறது. கேட்பு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு கட்டினால் தப்பிக்கலாம். அந்தச் சலுகையைப் பயன்படுத்திய பிறகு மீண்டும் தவறினால் மறுபடி கிடைக்காது. அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வது நீங்களாக எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது. உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே அது கணக்கு. இல்லாவிட்டால் அது பாக்கி.

உரிமையாளர் வாடகையை வாங்க மறுக்கிறாரா? இது ஒரு பழைய உத்தி: இரண்டு மாதம் வாங்காமல் இருந்துவிட்டு, "பாக்கி வைத்துவிட்டார்" என்று வழக்கு. மணியார்டரிலோ வங்கி வழியாகவோ அனுப்பி, திரும்பி வந்தால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு, வாடகை அதிகாரியிடம் தொகையைக் கட்டிவிடச் சட்டம் வழி வைத்திருக்கிறது. உரிமையாளர் இறந்து, வாரிசுகள் ஆளுக்கொரு பக்கம் நின்று "எனக்குக் கொடு" என்றாலும் வழி இதுதான். அண்ணனுக்குக் கொடுத்தால் தம்பி கேட்பார். இருவருக்கும் கொடுக்காமல் இருந்தால் இருவரும் சேர்ந்து வழக்குப் போடுவார்கள்.

கட்டடம் விற்கப்பட்டால் புதிய உரிமையாளர் பழையவரின் இடத்துக்கு வருகிறார். விற்பனை உங்களுக்குத் தெரியும் முன் பழையவரிடம் கட்டிய வாடகை செல்லும். அட்வான்ஸ்தான் ஆபத்து. பழையவர், புதியவர், நீங்கள் மூவரும் கையெழுத்திட்டு, "அட்வான்ஸ் 4,00,000 ரூபாய் புதியவரின் பொறுப்பில் மாற்றப்பட்டது" என்று ஒரு கடிதம் வாங்காமல் புதியவரிடம் முதல் வாடகையைக் கொடுக்காதீர்கள். அப்படியே சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். கட்டடம் வங்கியில் அடமானத்தில் இருந்து, கடன் தவணை நின்றுபோயிருந்தால், ஒரு நாள் காலையில் கதவில் ஒட்டப்படும் நோட்டீஸ் உரிமையாளருடையதாக இருக்காது.

உரிமையாளருக்கு: பூட்டாதீர்கள், மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். குடிநீர், மின்சாரம், கழிவுநீர், லிஃப்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை 20-ஆவது பிரிவு தடை செய்கிறது. வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போட்டு மீண்டும் இணைக்கச் சொல்லலாம், இழப்பீடும் விதிக்கலாம். பூட்டிவிட்டாலோ, 1963-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, சட்ட வழியல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் சொத்து யாருடையது என்ற கேள்வியே எழாது. உள்ளே இருந்த சரக்குக்கு அவர் சொல்லும் கணக்கையும் நீங்கள்தான் மறுக்க வேண்டியிருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு துணிக்கடையைப் பூட்டினால் அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆள்பலத்தோடு நடத்தும் கட்டப்பஞ்சாயத்தும் இதே வகைதான், கூடவே குற்ற வழக்கும் வரும்.

ஐந்தாம் படி: கடிதம்

வக்கீல் நோட்டீஸுக்கு முன் ஒரு சாதாரணக் கடிதம் எழுதிப் பாருங்கள். நோட்டீஸ் வந்தவர் உடனே தன் வக்கீலைத் தேடிப் போவார். கடிதம் வந்தவர் சில சமயம் போன் செய்வார். கடிதத்தில் கோபம் வேண்டாம், கணக்கு இருக்கட்டும். உதாரணத்துக்கு:

"ஐயா, தங்கள் கட்டடத்தின் தரைத்தளக் கடையை மாத வாடகைக்கு எடுத்து நடத்தி வருகிறேன். ஏப்ரல் முதல் பின்பக்கக் கூரையில் மழைநீர் ஒழுகுகிறது. மே 3, மே 19 ஆகிய நாட்களில் செய்தி அனுப்பினேன், புகைப்படங்கள் இணைத்துள்ளேன். இன்றுவரையிலான வாடகை முழுவதும் செலுத்தியுள்ளேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பழுதைச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் செய்ய இயலாவிட்டால், நான் செய்து அதற்கான தொகையை வாடகையில் கழித்துக்கொள்ள எழுத்தில் சம்மதம் தருமாறு வேண்டுகிறேன்."

ஸ்பீட் போஸ்டில், பதிவு வசதியோடும் ஒப்புகையோடும் அனுப்புங்கள். உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

ஆறாம் படி: உட்கார்ந்து கணக்குப் பார்த்தல்

நடுவில் ஒருவர் இருந்தால் நல்லது. பகுதி வணிகர் சங்கத்தின் மூத்தவர், இருவருக்கும் தெரிந்த ஆடிட்டர் யாராவது ஒருவர். இரு பக்க உறவினர்களையும் அழைக்காதீர்கள். கடை வாடகை பேச வந்தவர்கள் கல்யாணத்தில் மொய் வைக்காத கதையில் போய் முடிப்பார்கள்.

வாடகை ஏற்றம்தான் அதிகம் வரும் சண்டை. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 40,000, ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றம் என்று ஒப்பந்தம். உரிமையாளர் இரண்டு ஏற்றங்களைக் கேட்காமலே விட்டுவிட்டார். கடைக்காரரும் வாய் திறக்கவில்லை. நான்காம் ஆண்டு தொடக்கத்தில் அவர் வந்து, "பக்கத்தில் 60,000 போகிறது, நீங்களும் அதையே கொடுங்கள், பழைய பாக்கியும் வேண்டும்" என்கிறார். ஒப்பந்தப்படி இரண்டாம் ஆண்டு 42,000, மூன்றாம் ஆண்டு 44,100, நான்காம் ஆண்டு 46,305. விட்டுப்போன ஏற்றம் இரண்டாம் ஆண்டுக்கு 24,000, மூன்றாம் ஆண்டுக்கு 49,200, ஆக 73,200. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை 60,000 என்பது விருப்பம் மட்டுமே. ஆனால் 73,200 வெறும் விருப்பமல்ல. ஏற்றத்தை அவர் விட்டுக்கொடுத்தாரா, கேட்க மறந்தாரா என்று வாதாட இடமிருக்கிறது, அந்த வாதத்துக்கு ஆகும் செலவு இருவருக்கும் உண்டு. பாக்கியில் பாதியை, அதாவது 36,600-ஐ, மாதம் 6,100 வீதம் ஆறு தவணையில் கொடுப்பது, வாடகை இன்றிலிருந்து 46,500, புதிய மூன்றாண்டு ஒப்பந்தம், உடனே பதிவு. இப்படி ஒரு முடிவில் யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது. நடைமுறையில் நிற்பது இதுபோன்றதுதான்.

அட்வான்ஸ் பற்றி. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது சட்டம். கடைகளுக்கு 10 மாத அட்வான்ஸ் என்பது இந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வழக்கம். காலி செய்து இடத்தை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தங்கள் போக மீதியைத் திருப்பித்தர வேண்டும். "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்பது சட்டத்தில் இல்லாத நிபந்தனை. பிடித்தத்துக்குச் சுண்ணாம்பு அடித்த செலவு, உடைந்த தரை ஓடு என்று பட்டியல் கொடுப்பவரிடம் பில்லைக் கேளுங்கள்.

வரி தனித் தலைவலி. வணிகக் கட்டட வாடகைக்குச் சரக்கு சேவை வரி 18 சதவீதம், 40,000-க்கு 7,200. உரிமையாளர் வரிப்பதிவு பெற்றவராக இருந்தால் அவர் வசூலித்துக் கட்டுவார். அவர் பதிவு பெறாதவராகவும் கடைக்காரர் பதிவு பெற்றவராகவும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் கடைக்காரரே நேரடியாகக் கட்ட வேண்டும் என்று வந்தது. காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனைத் தொகையில் குறைந்த சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறை) உள்ள சிறு வியாபாரிகளுக்கு 2025 ஜனவரியில் அதிலிருந்து விலக்கு கிடைத்தது. ஒப்பந்தத்தில் "வரி உட்பட" என்றோ "வரி நீங்கலாக" என்றோ இரண்டு வார்த்தை இல்லாததால் நடக்கும் சண்டைகளுக்குக் கணக்கில்லை.

உரிமையாளருக்கு இடம் தன் தேவைக்கு வேண்டும், அல்லது இடித்துக் கட்ட வேண்டும் என்றால், சட்டக் காரணம் இருக்கிறது. ஆனாலும் பேச்சில் நேரத்தை விலையாகப் பேசுங்கள்: பண்டிகைக் காலம் முடியும்வரை இருக்க அனுமதி, கடைசி இரண்டு மாத வாடகை தள்ளுபடி. ஒரு கடைக்குச் சரக்கை விற்று முடிக்க ஆறு மாதம் கிடைப்பது பல சமயம் பணமாகக் கிடைக்கும் ஈட்டைவிடப் பெரிது.

ஏழாம் படி: பேசியதைக் கட்டுப்படுத்தும் காகிதமாக்குதல்

வெறும் ஒப்பந்தக் கடிதம் எழுதிக்கொண்டால், ஒருவர் மீறும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிட நல்ல வழி மக்கள் நீதிமன்றம். வழக்கே போடாத தகராறையும் வட்டச் சட்டப்பணிகள் குழுவிடம் மனுவாகக் கொடுக்கலாம். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். அங்கே பதிவாகும் சமரசம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வழக்கு ஏற்கெனவே நடக்கிறது என்றால் சமரச மையத்துக்கு அனுப்பக் கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே தொடங்கிய சமரச மையத்துக்கு இப்போது மாவட்டங்களிலும் கிளைகள் உண்டு.

தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்ப்பார் (ஆர்பிட்ரேஷன்) என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால் உடனே அதை நம்பி ஓடாதீர்கள். வித்யா துரோலியா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் கீழான வாடகைத் தகராறுகளை நடுவரிடம் கொண்டுபோகலாம்; தனி வாடகைச் சட்டம் தனி மன்றத்தை ஏற்படுத்தியிருந்தால் அது நடுவருக்கு உரியதல்ல.

எட்டாம் படி: வழக்கு

வசதி துண்டிப்பு, வாடகை கட்டுவது போன்றவை வாடகை அதிகாரியிடம். இவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். கடையைத் திரும்பப் பெறுவது வாடகை நீதிமன்றத்தில். சென்னையில் அது சிறு வழக்குகள் நீதிமன்றம். மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்கு. சட்டம் விரைவாக முடிக்கச் சொல்கிறது. பட்டியலில் உள்ள வழக்குகளின் எண்ணிக்கை வேறு சொல்கிறது. வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கட்டணம், எதிர்பார்க்கும் காலம், தோற்றால் என்ன ஆகும் என்று மூன்றையும் கேளுங்கள். அட்வான்ஸ் பணத்தை மட்டும் மீட்கும் வழக்கை எந்த நீதிமன்றத்தில் போடுவது என்பதையும் ஒப்பந்தத்தைக் காட்டி அவரிடமே முடிவு செய்யுங்கள். தொகை 3 லட்சம் அல்லது அதற்கு மேல் இருந்து, அது வணிகத் தகராறாக வகைப்பட்டால், அவசர நிவாரணம் கேட்காதபோது வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம்.

ஒன்பதாம் படி: சாவி

தகராறு தீர்ந்த பிறகும் கடைசி நாளில் புதிதாக ஒன்று முளைக்கும். ஆகவே ஒப்படைப்பு நாளில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: தேதி, நேரம், மின்மீட்டர் அளவு, கொடுத்த சாவிகளின் எண்ணிக்கை, விட்டுச்செல்லும் பொருட்கள், திருப்பித்தரும் அட்வான்ஸ் தொகையும் அதன் பரிமாற்ற எண்ணும். இருவரும் கையெழுத்து. நீங்கள் பொருத்திய கண்ணாடி அலமாரி, ஏசி, விளக்குகளை இடத்துக்குச் சேதமில்லாமல் கழற்றிக்கொள்ளலாம், ஒப்பந்தம் தடுக்காதவரை. சாவியையும் பணத்தையும் ஒரே மேசையில் மாற்றிக்கொள்வது நல்லது. "நாளை அனுப்புகிறேன்" வேண்டாம்.

கடைக்காரர் கிளம்பும் முன் சரக்கு சேவை வரிப் பதிவிலும் தொழில் உரிமத்திலும் முகவரியை மாற்றியாக வேண்டும். பழைய பெயர் அதே கதவிலக்கத்தில் நிற்கும்வரை அடுத்து வருபவரின் பதிவு விண்ணப்பத்துக்குக் கேள்வி வரலாம். உரிமையாளர், இந்த முகவரி மாற்றத்துக்கான ஒப்புகையின் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு அட்வான்ஸைக் கொடுக்கட்டும்.